டெஸ்க்டாப் செயலியும் வலைச்செயலியும்: நிரல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு நிரல்மொழியில் ஓரளவு பழகி, பிறரும் பயன்படுத்தப்போகும் செயலியை முதன்முறையாக எழுதத் தொடங்கியிருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எந்தத் தொகுப்பை நிறுவுவது, எந்தக் கட்டளையை இடுவது போன்ற விவரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, மாறாமல் நிற்கும் உத்திகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நிரல் எழுதுபவரின் நோக்கில் இவ்விரண்டுக்கும் உண்மையான வேறுபாடு என்ன?

திரையில் தெரிபவை இரண்டிலுமே பொத்தான்களும் பட்டியல்களும்தாம். தரவு இந்த நொடியில் எங்கே இருக்கிறது, அதை வேறு யார் மாற்றக்கூடும் என்று கேட்டுப் பார்க்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. டெஸ்க்டாப் செயலி, திறந்ததிலிருந்து மூடும்வரை ஒரே நினைவகத்தில் இயங்குகிறது. பத்து நிமிடங்களுக்கு முன் பயனர் எந்த வரியைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஒரு மாறியில் அப்படியே இருக்கும். வலையில் அப்படியில்லை. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறை முந்தைய கோரிக்கையை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சர்வரைப் பொறுத்தவரை, வருகிற ஒவ்வொருவரும் முன்பின் அறியாதவரே. இந்த மறதிக்கு மருந்தாகத்தான் 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுலி குக்கீயை உருவாக்கினார். இன்றும் பயனர் உள்நுழைந்த பிறகு அவரை அடையாளம் காணப் பெரும்பாலும் குக்கீயில் வைத்த ஓர் அடையாளக் குறியே பயன்படுகிறது.

எனவே வலைச்செயலியில் ஒரே தரவு உலாவியின் நினைவகத்தில் ஒன்று, சர்வரின் நினைவகத்தில் ஒன்று, தரவுத்தளத்தில் ஒன்று என மூன்று படிகளாக இருக்கக்கூடும். சர்வரை மறுதொடக்கம் செய்தால் நடுவில் உள்ள படி போய்விடும். சுமையை இரண்டு சர்வர்கள் பகிர்ந்துகொண்டால், அடுத்த கோரிக்கை மற்றொரு சர்வருக்குப் போகக்கூடும். நிலைத்திருக்க வேண்டிய எதையும் சர்வரின் மாறிகளில் வைக்கக் கூடாது என்ற விதி இதனால் வந்ததே. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

எந்த நிரல்மொழியில் தொடங்குவது நல்லது?

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியில். உலாவிக்குள் ஓடும் பகுதிக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது அதன் வகைகண்டறியும் உறவான டைப்ஸ்கிரிப்ட் ஏறக்குறையத் தவிர்க்க முடியாதது. 2019 டிசம்பரில் வெப்அசெம்ப்ளி முறையான வலைத் தரமாக ஏற்கப்பட்ட பின் பிற மொழிகளுக்கும் உலாவியில் இடம் கிடைத்தது என்றாலும், அது கனமான கணக்கீடுகளுக்கே பெரிதும் பொருந்துகிறது. திரையில் உள்ள உறுப்புகளைத் தொட அதற்கும் ஜாவாஸ்கிரிப்டின் துணை வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்துவிடுகிறது. நிரலில் பிழை ஏதும் இல்லையே, ஏன்?

வரைகலை இடைமுகம் கொண்ட ஏறக்குறைய எல்லாச் செயலிகளுக்கும் உள்ளே ஒரு சுழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. சுட்டி நகர்ந்தது, விசை அழுத்தப்பட்டது, சாளரத்தின் ஒரு பகுதியை மீண்டும் வரைய வேண்டும் என்பன போன்ற செய்திகள் ஒரு வரிசையில் சேர, அந்தச் சுழற்சி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரிய நிரல்பகுதியிடம் ஒப்படைக்கிறது. அந்தப் பகுதி வேலையை முடித்துத் திரும்பினால்தான் அடுத்த செய்தி எடுக்கப்படும். பொத்தானுக்கான நிரலுக்குள் எட்டு விநாடி பிடிக்கும் கோப்பு வாசிப்பை வைத்துவிட்டால், அந்த எட்டு விநாடியும் மீண்டும் வரைவது உட்பட எந்தச் செய்தியும் கவனிக்கப்படாது. உங்கள் நிரல் சரியாகவே ஓடுகிறது. ஆனால் மற்ற வேலைகளுக்கு வழிவிடாமல் நடுவில் நிற்கிறது.

எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி கிடைக்கிறது. அசைவூட்டம் தடுக்காமல் ஓட வேண்டுமானால் அதற்குள் வேலை முடிய வேண்டும். பயனரின் பொறுமையைப் பற்றி, பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993இல் எடுத்துரைத்த 0.1, 1, 10 விநாடி எல்லைகள் இன்றும் செல்லுபடியாகின்றன: முதல் எல்லைக்குள் விடை வந்தால் உடனடியாக நடந்ததாகத் தோன்றும், இரண்டாவதற்குள் வந்தால் தாமதம் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடாது, மூன்றாவதைத் தாண்டினால் பயனர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

தீர்வு, நீண்ட வேலையை 'த்ரெட்' எனப்படும் வேறோர் இழைக்கு மாற்றுவது. இங்கே புதியவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். முதலாவது, பின்னணி இழையிலிருந்தே திரையில் உள்ள உரைப்பெட்டியை மாற்ற முயல்வது. பெரும்பாலான கருவித்தொகுப்புகளில் திரை உறுப்புகளை முதன்மை இழை மட்டுமே தொடலாம். ஆகவே பின்னணி வேலை தன் முடிவை ஒரு செய்தியாக அதே வரிசையில் போட்டுவிட வேண்டும், முதன்மை இழை அதை எடுத்துத் திரையில் காட்டும். இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்டில் 'அசிங்க்', 'அவெய்ட்' என்ற சொற்களைச் சேர்த்துவிட்டால் எல்லாம் பின்னணிக்குப் போய்விடும் என்று நம்புவது. பிணையத்திலிருந்து விடை வரும்வரை காத்திருக்கும் வேலைக்கு அவை போதும். லட்சம் வரிகளை வகைப்படுத்தும் கணக்கீடோ அந்தச் சொற்களோடும் அதே ஒற்றை இழையில்தான் ஓடி, பக்கத்தை உறையவைக்கும். அதற்கு, உலாவியில் தனி இழையில் நிரலை ஓட்டும் 'வெப் ஒர்க்கர்' தேவை.

பின்னணிக்கு மாற்றிய பிறகு, தேடல்பெட்டியில் சில நேரம் பழைய முடிவுகள் வருகின்றன. ஏன்?

காத்திருப்பதை நிறுத்தியதற்கான விலை இது. பயனர் 'கட' என்று தட்டியதும் ஒரு கோரிக்கை போகிறது. 'கடல்' என்று முடித்ததும் இன்னொன்று போகிறது. இரண்டாவதன் விடை முதலில் வந்து திரையில் அமர்கிறது. அரை விநாடி கழித்து முதலாவதன் விடை தாமதமாக வந்து அதன்மேல் எழுதிவிடுகிறது. பெட்டியில் 'கடல்' என்றிருக்க, கீழே 'கட' என்பதற்கான பட்டியல். அனுப்பிய வரிசையிலேயே விடைகள் திரும்பும் என்ற உறுதி எங்கும் இல்லை.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறுவரிசையில் ஓர் எண்ணைக் கொடுத்து, விடை வந்ததும் அது கடைசியாக அனுப்பிய எண்தானா என்று பார்த்து, இல்லையெனில் ஒதுக்கிவிடுங்கள். முந்தைய கோரிக்கையை ரத்துசெய்யும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். தட்டச்சு நின்று 200 அல்லது 300 மில்லிவிநாடி ஆன பிறகே கோரிக்கையை அனுப்புவதும் உதவும். ஆனால் அது சர்வரின் சுமையைக் குறைக்கும் உத்தியே தவிர, இந்தப் பிழைக்குத் தீர்வன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தாமதத்தை மட்டும் சேர்த்துவிட்டுப் பிழை தீர்ந்ததாக எண்ணிய நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எம்விசி (மாடல்-வியூ-கண்ட்ரோலர்), எம்விவிஎம் (மாடல்-வியூ-வியூமாடல்) போன்ற அமைப்புமுறைகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா?

பெயர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவற்றின் கருத்தைப் பின்பற்றினால் போதும். 1970களின் இறுதியில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் டிரிக்வே ரீன்ஸ்காக் எம்விசியை வகுத்தபோது சொன்னதன் சாரம், தரவும் அதன் தோற்றமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதே. பின்னர் வந்த எம்விவிஎம், ரியாக்ட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் போன்றவை எல்லாம் அந்தப் பிரிவை வேறு வேறு விதமாகக் கையாள்கின்றன.

ஒரு பட்டியல் திரையை எடுத்துக்கொள்வோம். பொருள்களின் பட்டியல் ஒரு மாறியில் இருக்கிறது. அவற்றின் கூட்டுத்தொகை இன்னொரு மாறியில் இருக்கிறது. திரையின் மேற்பகுதியில் 'மொத்தம் 7' என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பொருளை நீக்கும்போது மூன்றையும் மாற்ற வேண்டும் என்பதை எல்லா நிரல்பகுதிகளும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஏதோ ஒன்று என்றாவது மறக்கும். பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தேவைப்படும்போது அதிலிருந்து கணக்கிட்டால் மறப்பதற்கு எதுவும் இருக்காது. கணக்கிட்டுப் பெறக்கூடியதைச் சேமித்து வைக்காதீர்கள். வேகத்துக்காகச் சேமித்தே ஆக வேண்டுமென்றால், அதைப் புதுப்பிக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

பயனரின் கோப்பைச் சேமிக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு காலியாகிவிடுகிறது. எப்படித் தவிர்ப்பது?

நான் எழுதிய முதல் குறிப்பேட்டுச் செயலியில் இதே பிழை இருந்தது. நண்பர் ஒருவர் மூன்று மாதங்கள் எழுதிய குறிப்புகள், சேமிக்கும் நேரத்தில் கணினி அணைந்ததால், 0 பைட் கோப்பாக மாறின. காரணம் மிக எளியது: கோப்பை எழுதுவதற்காகத் திறந்த அந்தக் கணமே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடுகிறது, புதியது முழுமையாக எழுதப்படும்வரை நடுவில் ஓர் ஆபத்தான இடைவெளி இருக்கிறது.

சரியான முறை இது. அதே கோப்புறையில் தற்காலிகப் பெயருடன் ஒரு புதிய கோப்பை எழுதுங்கள். எழுதியது இயங்குதளத்தின் இடைநினைவகத்தில் தங்கிவிடாமல் வட்டுக்குப் போய்ச் சேரும்படி 'எஃப்சிங்க்' போன்ற அழைப்பைச் செய்யுங்கள். அதன் பின்னரே தற்காலிகக் கோப்புக்குப் பழைய கோப்பின் பெயரை இடுங்கள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இந்தப் பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். அதாவது பழைய கோப்பு முழுமையாக இருக்கும், அல்லது புதியது முழுமையாக இருக்கும், பாதி எழுதியது ஒருபோதும் அந்தப் பெயரில் இருக்காது. விண்டோஸிலும் கோப்பை மாற்றிவைப்பதற்கென்றே தனி அழைப்பு உண்டு. அதே கோப்புறை என்று சொன்னதற்குக் காரணம், வேறு வட்டுப்பிரிவில் உள்ள தற்காலிகக் கோப்பைப் பெயர் மாற்றினால் அது தோல்வியடையும், அல்லது உண்மையில் படியெடுத்தலாக மாறிவிடும் என்பதே.

பல சிறு தகவல்களை அடிக்கடி மாற்றும் செயலியாக இருந்தால், இந்தத் தொல்லைகளை நீங்களே சுமக்க வேண்டாம். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்கியூலைட், ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம். எழுதும் நடுவில் செயலி நின்றாலும், பரிவர்த்தனை (ஒன்றாக நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) முழுமையடையாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்ற அதன் வரம்பு டெஸ்க்டாப் செயலிக்குக் குறையே அன்று.

வலைச்செயலியில் ஒரே பதிவை இருவர் திருத்தினால் என்ன ஆகும்?

எதுவும் செய்யாமல் விட்டால், பின்னால் சேமித்தவருடையது நிற்கும். முன்னவருடையது சத்தமின்றி மறையும். இருப்புக் கணக்கில் 10 பொருள்கள் இருப்பதாகக் கொள்வோம். முதலாமவரின் திரையும் இரண்டாமவரின் திரையும் 10 என்றே காட்டுகின்றன. முதலாமவர் 3ஐ எடுக்க, நிரல் 7 என்று எழுதுகிறது. இரண்டாமவர் 4ஐ எடுக்க, தான் முன்பு படித்த 10லிருந்து கழித்து நிரல் 6 என்று எழுதுகிறது. உண்மையில் இருப்பவை 3. எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதன் கொடுமை.

எண்களைப் பொறுத்தவரை, படித்துக் கழித்து எழுதுவதற்குப் பதிலாக, 'இருப்பு குறைந்தது 4 ஆக இருந்தால் அதிலிருந்து 4ஐக் கழி' என்று தரவுத்தளத்துக்கே ஒற்றைக் கட்டளையாகச் சொல்லிவிடலாம். முகவரி, விளக்கக்குறிப்பு போன்றவற்றுக்கு அது உதவாது. அவற்றுக்கு ஒவ்வொரு பதிவிலும் பதிப்பு எண் ஒன்றை வைத்து, படிக்கும்போது அதையும் சேர்த்துப் படியுங்கள். சேமிக்கும்போது 'அடையாள எண் இது, பதிப்பு எண் இன்னமும் 12ஆக இருந்தால் மட்டும் மாற்று, பதிப்பை 13ஆக்கு' என்று எழுதுங்கள். எத்தனை வரிகள் மாறின என்று தரவுத்தளம் திருப்பிச் சொல்லும். 0 என்று வந்தால், நடுவில் வேறொருவர் மாற்றிவிட்டார் என்று பொருள்.

அதற்குப் பிறகு பயனரிடம் என்ன சொல்வது என்பதில்தான் நிரலாளரின் அக்கறை தெரியும். 'பிழை, மீண்டும் முயலுங்கள்' என்று மட்டும் சொல்லி, அவர் தட்டிய பத்து வரிகளை அழித்துவிடும் செயலிகள் உண்டு. அவர் எழுதியதையும் இப்போது சேமிப்பில் உள்ளதையும் அருகருகே காட்டி, எதை வைத்துக்கொள்வது என்று அவரையே கேட்பதற்கு இன்னும் சில மணி நேர உழைப்பே தேவைப்படும்.

'அனுப்பு' பொத்தானை இருமுறை அழுத்தினால் இரண்டு பதிவுகள் உருவாகின்றன. பொத்தானை முடக்கினால் போதாதா?

போதாது. முதல் அழுத்தத்துக்குப் பின் பொத்தானை முடக்குவது விரல் நடுக்கத்தைத் தடுக்கும். ஆனால் சர்வர் பதிவை உருவாக்கிய பிறகு விடை வழியில் தொலைந்தால், உலாவிக்கு அது தோல்வியாகத் தெரியும். பயனர் மீண்டும் அழுத்துவார், அதில் அவர் தவறு ஏதும் இல்லை. விடை வரவில்லை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்று பொருளில்லை. படிவம் திறக்கும்போதே தனித்த அடையாளம் ஒன்றை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்பி, அந்த அடையாளம் திரும்ப வராதபடி தரவுத்தளத்தில் தனித்தன்மைக் கட்டுப்பாடு வையுங்கள். இரண்டாம் முறை வந்தால், முதல் முறை கிடைத்த விடையையே சர்வர் திருப்பித் தரட்டும்.

உலாவியிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டால் சர்வரில் மீண்டும் சரிபார்க்க வேண்டுமா?

வேண்டும். உலாவியில் ஓடும் நிரல் பயனரின் கையில் இருக்கிறது; அதை அவர் மாற்றலாம், அல்லது உலாவியே இல்லாமல் நேரடியாகக் கோரிக்கை அனுப்பலாம். உலாவிச் சரிபார்ப்பு நல்ல பயனருக்கான வசதி. சர்வர் சரிபார்ப்பே காவல்.

குறிப்பாக, பயனர் தந்த உரையைத் தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டிச் சரமாக்காதீர்கள். பெயரில் ஒற்றை மேற்கோள்குறி ஒன்று இருந்தாலே அந்தக் கட்டளை உடையும். தீய எண்ணம் கொண்டவர் அதே வழியில் தம் கட்டளையை நுழைப்பார். கட்டளையில் இடத்தை மட்டும் விட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் முறை எல்லா நூலகங்களிலும் உண்டு. அதுபோலவே, பயனர் எழுதியதைப் பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் குறிகளாக இல்லாமல் வெறும் உரையாகக் காட்டுங்கள். கடவுச்சொற்களை அப்படியே சேமிப்பதும், வேகமாகக் கணக்கிடக்கூடிய பொதுவான, 'ஹாஷ்' எனப்படும் சுருக்கமுறைகளால் சேமிப்பதும் தவறு; வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் 1999இன் பிகிரிப்ட், அல்லது 2015இல் கடவுச்சொல் சுருக்கப் போட்டியில் வென்ற ஆர்கான்2 ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

தமிழ் உரையைக் கையாளும்போது எழுத்தெண்ணிக்கை தவறாக வருகிறதே?

எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யூனிக்கோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 5 என்றே வரும். உரையைப் பைட்டுகளாக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் சேமிக்கப்படுவது 15 பைட். 'பெயர் 20 எழுத்துகளுக்குள்' என்ற கட்டுப்பாட்டைப் பைட்டுகளில் கணக்கிட்டால் நான்கைந்து எழுத்துகளிலேயே மறுத்துவிடும். குறியீடுகளில் வெட்டினால் ஒரு மெய்யின் புள்ளி மட்டும் துண்டாகிப் போகும். பயனர் காணும் எழுத்தின்படி உரையைப் பிரிக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ட்டல் செக்மென்ட்டர்' என்ற பெயரில் உள்ளது.

இன்னொரு கண்ணி தேடலில் இருக்கிறது. 'கொ' என்பதை க, ஒகரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும், க, எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. உரையைச் சேமிக்கும் முன்பும், தேடும் சொல்லையும், என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவுக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

பணத்தையும் நேரத்தையும் எப்படிச் சேமிப்பது?

பணத்தை மிதவைப்புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். அந்த முறையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவோ, தரவுத்தளத்தின் பதின்ம வகையிலோ வையுங்கள். நடந்து முடிந்தவற்றின் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். இனி நடக்கப்போகும் சந்திப்புகளுக்கு மட்டும் உள்ளூர் நேரத்தையும் நேரமண்டலத்தின் பெயரையும் சேர்த்தே வைக்க வேண்டும். இடையில் அரசு நேரவிதிகளை மாற்றினாலும் காலை 9 மணிச் சந்திப்பு 9 மணிக்கே இருக்க வேண்டுமல்லவா.

வலைத் தொழில்நுட்பத்தைக் கொண்டே டெஸ்க்டாப் செயலி எழுதலாமா?

எழுதலாம். கிட்ஹப் நிறுவனம் 2013இல் தொடங்கிய எலக்ட்ரான், குரோமியம் உலாவியையும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸையும் ஒரே பொட்டலமாகச் செயலியோடு சேர்த்துத் தருகிறது. விஷுவல் ஸ்டுடியோ கோட் அதன்மேல்தான் கட்டப்பட்டுள்ளது. ஒரே நிரல் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி ஓடும். அதற்கு விலையாக, ஒரு சிறு கடிகாரச் செயலிகூட ஒரு முழு உலாவியைச் சுமந்துகொண்டு போகும். டாரி என்ற இன்னொரு கருவித்தொகுப்பு அந்தச் சுமையைத் தவிர்த்து, இயங்குதளத்திலேயே உள்ள வலைக்காட்சி உறுப்பைப் பயன்படுத்துகிறது. ஆனால் அது ஒவ்வோர் இயங்குதளத்திலும் வேறாக இருப்பதால், ஒவ்வொன்றிலும் சோதித்தே ஆக வேண்டும். நீண்ட நேரம் திறந்தே இருக்கும், நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாள வேண்டிய கருவிகளுக்கு 1995 முதல் வளர்ந்துவரும் க்யூட் போன்ற நேரடிக் கருவித்தொகுப்பையே நான் தேர்வேன்.

எலக்ட்ரானில் ஓர் எச்சரிக்கை: உலாவியில் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் குறிபுகுத்தல் தாக்குதல் (தீயவர் தம் நிரலைப் பக்கத்துக்குள் நுழைப்பது), இங்கே பயனரின் கோப்புகளைத் தொடும் அளவுக்குப் பெரிதாகக்கூடும். இணையத்திலிருந்து வரும் உள்ளடக்கத்துக்கு நோட்.ஜேஎஸ்ஸின் ஆற்றலைத் திறந்துவிடாதீர்கள்.

செயலி மெதுவாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அளப்பதிலிருந்து. ஊகம் பெரும்பாலும் தவறான இடத்தையே காட்டும். வலைச்செயலியில் நான் முதலில் பார்ப்பது, ஒரு பக்கத்துக்கு எத்தனை முறை தரவுத்தளம் கேட்கப்படுகிறது என்பதை. 100 பதிவுகளை ஒரு கட்டளையில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரியவரின் பெயரைத் தனித்தனியே கேட்டால் 101 கட்டளைகள். ஒவ்வொன்றும் 5 மில்லிவிநாடியே ஆனாலும் அரை விநாடி போய்விடும். இரண்டு அட்டவணைகளையும் இணைத்துக் கேட்டால் ஒரே கட்டளையில் முடியும். உருவாக்குபவரின் கணினியில் மூன்று பதிவுகளே இருப்பதால் இது அங்கே கண்ணில் படுவதில்லை.

புதிய பதிப்பை வெளியிடும்போது எதில் கவனம் வேண்டும்?

டெஸ்க்டாப்பில் பழைய பதிப்பு யாரோ ஒருவரின் கணினியில் ஆண்டுக்கணக்கில் வாழும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கோப்பின் தொடக்கத்திலேயே வடிவப் பதிப்பு எண் ஒன்றை முதல் வெளியீட்டிலிருந்தே எழுதிவையுங்கள். புதிய கோப்பைப் பழைய செயலி திறக்க நேர்ந்தால், அரைகுறையாகப் படித்துச் சேமித்துக் கெடுப்பதைவிட, 'இது எனக்குத் தெரியாத வடிவம்' என்று மறுப்பது மேல்.

வலையில் எல்லோரும் ஒரே பதிப்பில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் வெளியீடு நடக்கும் சில நிமிடங்களில் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே தரவுத்தளத்தில் சேர்ந்து இயங்குகின்றன. காலையில் திறந்த பக்கத்தை மாலைவரை மூடாதவரின் உலாவியில் பழைய ஜாவாஸ்கிரிப்டே ஓடிக்கொண்டிருக்கும். எனவே ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றுவது ஒரே படியில் செய்யும் வேலையன்று. முதல் வெளியீட்டில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து, இரண்டிலும் எழுதுங்கள். பழைய தரவைப் புதியதற்குப் படியெடுத்தபின், அடுத்த வெளியீட்டில் புதியதிலிருந்து மட்டும் படியுங்கள். பழையதை இனி எந்த நிரலும் தொடவில்லை என்று பதிவேடுகளைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு, மூன்றாம் வெளியீட்டில் அதை நீக்குங்கள்.